லைவ் டிவிடியின் மெனு வரை வேலை செய்யும் விசைப்பலகை, லினக்ஸ் ஏறியதும் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். என் மனைவி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிவரும் மேசைக்கணினியில் கடந்த வியாழக்கிழமை முதல் விண்டோஸ் ஏறவில்லை. வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் வருவதில்லை. ஆய்வேட்டின் மூன்றாம், நான்காம் இயல்களில் அவர் செய்த கடைசித் திருத்தங்கள் அந்த வன்தட்டில் மட்டுமே உள்ளன. வன்தட்டில் நிறுவாமல் வட்டிலிருந்தே லினக்ஸை இயக்கும் லைவ் டிவிடி ஒன்றைப் போட்டு, கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்துக்கொண்ட பிறகு விண்டோஸைச் சரிசெய்யலாம் என்று எண்ணினேன். இப்போது அந்த முதல் படியிலேயே நிற்கிறேன்.

கணினியை இயக்கியதும் டெலிட் விசையை அழுத்தி, தாய்ப்பலகையிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸுக்குள் போக முடிகிறது. அங்கே அம்புக்குறி விசைகள் சரியாக வேலை செய்கின்றன. டிவிடியின் மெனு வந்ததும் மேலும் கீழும் நகர்ந்து முதல் வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் அழுத்துவதிலும் சிக்கல் இல்லை. அதன்பின் திரை கறுத்து, சில வரிகள் ஓடி, ஏறத்தாழ இருபதாவது நொடியில் விசைப்பலகையின் நம்லாக் விளக்கு அணைந்துவிடுகிறது. மவுஸின் அடியில் எரியும் சிவப்பு விளக்கும் அதே நேரத்தில் அணைகிறது. சற்று நேரத்தில் லினக்ஸின் மேசைத்திரை முழுமையாக வந்துவிடுகிறது. மூலையில் உள்ள கடிகாரம் ஓடுகிறது. ஆனால் சுட்டி நகரவில்லை, எந்த விசைக்கும் பதில் இல்லை.

வேறொரு யுஎஸ்பி விசைப்பலகையை மாற்றிப் பார்த்தேன். கணினியின் முன்பக்கத் துளைகள், பின்பக்கத் துளைகள் எல்லாவற்றிலும் செருகிப் பார்த்தேன். வேறொரு லினக்ஸ் வழங்கலின் டிவிடியையும் எரித்துப் போட்டுப் பார்த்தேன். விளைவு மாறவில்லை. கேபிள் செருகியிருந்தும் வலையிணைப்பு வரவில்லை என்று திரை காட்டுகிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கணினி 2013-இல் வாங்கியது. எட்டு கோர் கொண்ட ஏஎம்டி எஃப்எக்ஸ் செயலி. 4 ஜிபி நினைவகத்தோடு வாங்கி, 2017-இல் 8 ஜிபியாக உயர்த்தினேன். 2015 வாக்கில் இதே கணினியில் ஒரு 32-பிட் லைவ் சிடியைப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இயங்கியது நன்றாக நினைவிருக்கிறது.

மெனுவில் ஏசிபிஐயை (கணினியின் வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏற்பாட்டை) அணைக்கும் சொல்லைச் சேர்த்தால் சரியாகும் என்று ஓரிடத்தில் படித்தேன். வன்தட்டில் உள்ளவற்றுக்கு அதனால் ஆபத்து வருமா என்ற அச்சத்தில் இன்னும் செய்யவில்லை. வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. விசைப்பலகை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு நன்றி. இருபது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்டு வாங்க வேண்டிய செய்தியே அதுதான்.

மெனு வரை உங்கள் விசைப்பலகையை ஆள்வது லினக்ஸ் அல்ல, பயாஸ். பயாஸில் "லெகசி யுஎஸ்பி" என்றொரு வசதி இருக்கும். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 வகை விசைப்பலகை ஒன்று செருகப்பட்டிருப்பதைப் போல அது யுஎஸ்பி விசைப்பலகையைக் காட்டும். இயங்குதளத்தை ஏற்றிவிடும் பூட் லோடர் அதை நம்பி வேலை செய்யும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏறியதும் யுஎஸ்பி கட்டுப்படுத்தியைப் பயாஸின் கையிலிருந்து தான் வாங்கிக்கொண்டு, தன் சொந்த இயக்கிகளை வைத்து ஒவ்வொரு சாதனத்தையும் புதிதாக அடையாளம் காணும். உங்கள் நம்லாக் விளக்கு அணைவது இந்தக் கைமாற்றம் நடக்கும் நொடியில்தான். ஆகவே விசைப்பலகையோ கேபிளோ துளையோ கெட்டுப்போகவில்லை என்பது உறுதி. இன்னொரு விசைப்பலகை வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். கடிகாரம் ஓடுவதால் கணினி உறைந்துவிடவும் இல்லை. கர்னல் பொறுப்பேற்றுக்கொண்ட பின் யுஎஸ்பியோடு பேச முடியாமல் தவிக்கிறது என்று கொள்ளலாம்.

பயாஸில் எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப், ஈஎச்சிஐ ஹேண்ட்-ஆஃப் என்ற இரண்டு வரிகள் இருந்தால் அவை இயங்கும் நிலையில் இருக்கட்டும். நான் மேலே சொன்ன கைமாற்றத்தைக் குறிப்பவை அவை. லெகசி யுஎஸ்பியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். அணைத்தால் அடுத்த முறை மெனுவிலேயே உங்களால் எதையும் அழுத்த முடியாமல் போகலாம்.

அடுத்து, கணினியின் பின்பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஊதாவும் பச்சையும் பாதிபாதியாக இருந்தாலும் சரி. அது பிஎஸ்/2 துளை. யுஎஸ்பி முழுவதும் படுத்துவிட்டாலும் அது தனி வழியில் வேலை செய்யும். பழைய அலுவலகங்களில் அந்த வகை விசைப்பலகை இன்னும் கிடைக்கும். யுஎஸ்பி விசைப்பலகையை அந்தத் துளையில் செருக உதவும் சிறிய மாற்றியை நம்ப வேண்டாம். இரண்டு முறைகளையும் அறிந்த விசைப்பலகையில் மட்டுமே அது பயன்படும், அண்மைக் காலத்தில் வருபவை பெரும்பாலும் அப்படி இல்லை. இன்னொன்று, பிஎஸ்/2-வைக் கணினி ஓடும்போது செருகக் கூடாது. மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செருகிய பிறகே இயக்குங்கள்.

மறுமொழி 2

எனக்கும் இதே போன்ற நிலை ஒரு பழைய மடிக்கணினியில் வந்தது. ஏசிபிஐயை அணைத்தேன், கூடவே ஐ8042 என்று தொடங்கும் கட்டளைச் சொற்கள் இரண்டையும் சேர்த்தேன். உடனே விசைப்பலகை உயிர்பெற்றது. லைவ் டிவிடியில் நீங்கள் மெனுவில் சேர்க்கும் சொற்கள் அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும், வன்தட்டில் எதையும் எழுதுவதில்லை. ஆகவே அச்சமின்றி முயன்று பார்க்கலாம்.

மறுமொழி 3

மேலே உள்ள நண்பர் சொன்னதில் ஒரு பகுதி மிகச் சரி: மெனுவில் சேர்க்கும் சொல் அந்த ஓட்டத்தோடு மறைந்துவிடும், உங்கள் மனைவியின் கோப்புகளுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் அவர் மடிக்கணினியில் பலித்த மருந்து இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். ஐ8042 என்பது பிஎஸ்/2 விசைப்பலகையைக் கவனிக்கும் கட்டுப்படுத்தியின் பெயர். பெரும்பாலான மடிக்கணினிகளின் உள்விசைப்பலகை அதன் வழியாகவே இணைந்திருப்பதால் அங்கே அந்தச் சொற்களுக்கு வேலை உண்டு. யுஎஸ்பி விசைப்பலகை அந்தப் பாதையில் வருவதே இல்லை. ஏசிபிஐயை அணைப்பதோ இன்னும் கனமான செயல். எட்டு கோர் கொண்ட கணினியில் குறுக்கீடுகளை (சாதனங்கள் செயலியை அழைக்கும் குறிப்புகளை) எந்தச் சாதனத்துக்கு எப்படிப் பங்கிடுவது என்பதை ஏசிபிஐ அட்டவணைகளைப் படித்தே கர்னல் அறிந்துகொள்கிறது. அவற்றை மறைத்துவிட்டால் இப்போது வேலை செய்கிறவையும் நின்றுபோக வாய்ப்புண்டு.

கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது என் கண் நின்றது, நீங்கள் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிய வலையிணைப்பில். விசைப்பலகை, மவுஸ், வலையிணைப்பு மூன்றும் ஒரே நேரத்தில் செயலிழந்தால், அவை மூன்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் குறை இருக்க வேண்டும். முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை இரண்டிலும் வேலை செய்யாததும் அதையே சொல்கிறது. இவற்றோடு இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பாருங்கள்: 32-பிட் சிடி ஓடியது, இன்றைய 64-பிட் டிவிடி ஓடவில்லை, அன்று நினைவகம் 4 ஜிபி, இன்று 8 ஜிபி.

யுஎஸ்பி கட்டுப்படுத்தி போன்ற சாதனங்கள் செயலியின் உதவியின்றித் தாமே நினைவகத்தில் எழுதவும் படிக்கவும் செய்யும். அவற்றில் பலவற்றுக்கு 32 பிட் அளவுள்ள முகவரி மட்டுமே தெரியும், அதாவது முதல் 4 ஜிபிக்கு மேல் அவற்றின் கை எட்டாது. நினைவகம் அதற்கு மேல் போகும்போது, எட்டாத இடத்தை எட்டும்படி முகவரியை மாற்றிக்கொடுக்க இடையில் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கென்றே உள்ள வன்பொருள் ஐஓஎம்எம்யு. உங்கள் காலத்துத் தாய்ப்பலகைகள் சிலவற்றில் பயாஸ் அதை அணைத்தே வைத்திருக்கும். அப்போது 64-பிட் கர்னல், செயலிக்குள் இருக்கும், முகவரியை மாற்றித்தரும் கார்ட் என்ற பழைய ஏற்பாட்டைக் கையிலெடுத்து ஒப்பேற்றப் பார்க்கும். அந்த வகைப் பலகைகள் சிலவற்றில் யுஎஸ்பியும் வலை அட்டையும் அதோடு ஒத்துப்போவதில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் இதற்கு வரிக்கு வரி பொருந்துகின்றன.

என் கணிப்பு சரியா என்று கர்னலிடமே கேட்டுவிடலாம். முதலில் சொன்ன நண்பரின் யோசனைப்படி பிஎஸ்/2 விசைப்பலகை ஒன்றைக் கொண்டுவாருங்கள். மேசைத்திரை வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான வழங்கல்களில் முனையம் திறக்கும். அங்கே சூடோ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து சிறிய எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கர்னல் ஏறியதிலிருந்து தன் போக்கில் எழுதிவைத்த குறிப்புகள் அனைத்தும் வரும். அவற்றில் இரண்டைத் தேடுங்கள். தொடக்கப் பகுதியில் அப்பர்ச்சர் (கார்ட்டுக்கென ஒதுக்கும் முகவரி இடம்) என்ற சொல் வரும் வரிகள் இருக்கின்றனவா? பிற்பகுதியில் யுஎஸ்பி வரிகளின் முடிவில் எரர் என்ற சொல்லும் -110 என்ற எண்ணும் இருக்கின்றனவா?

கேள்வி கேட்டவர்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஊதாவும் பச்சையும் கலந்த துளை ஒன்று இருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. என் அலுவலகத்தின் பழைய பொருள் அறையிலிருந்து பிஎஸ்/2 விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிவந்து, மின்சாரத்தை அணைத்துச் செருகிவிட்டு டிவிடியை ஏற்றினேன். மேசைத்திரை வந்த பிறகும் நம்லாக் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட இரண்டும் இருக்கின்றன. யுஎஸ்பி வரிகளில் சாதனத்தின் விவரத்தைப் படிக்க முடியவில்லை என்றும், அதன் முடிவில் எரர் -110 என்றும் பல முறை வந்திருக்கிறது. தொடக்கப் பகுதியில் மூன்று வரிகள் அடுத்தடுத்து உள்ளன: பயாஸ் அப்பர்ச்சருக்கான இடத்தை நினைவகத்தில் விட்டுவைக்கவில்லை என்பது ஒன்று, பயாஸ் அமைப்பில் ஐஓஎம்எம்யுவை இயக்குங்கள் என்பது ஒன்று, இதனால் 64 எம்பி நினைவகம் வீணாகிறது என்பது இன்னொன்று. கர்னல் தன் வாயாலேயே காரணத்தையும் சொல்லி, தீர்வையும் சொல்லியிருக்கிறது. ஆனால் டிவிடி ஏறும்போது அந்த வரிகள் படத்துக்குப் பின்னால் மறைந்துபோவதால் என் கண்ணில் படவில்லை.

அடுத்து நான் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். பயாஸில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 3

மகிழ்ச்சி. எரர் -110 என்பது, கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை என்று கர்னல் சொல்லும் எண். கட்டுப்படுத்தி எழுதும் தரவு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராததால், கர்னலின் பார்வையில் விசைப்பலகை வாய் திறக்காமல் இருக்கிறது.

பயாஸில் கைவைப்பதற்கு முன் மெனுவில் ஒரு முறை சோதித்துவிடுவது நல்லது. டிவிடியின் மெனு வந்ததும் முதல் வரியின் மேல் நின்றுகொண்டு, ஐசோலினக்ஸ் வகை மெனுவாக இருந்தால் டேப் விசையையும், க்ரப் வகையாக இருந்தால் ஈ என்ற எழுத்தையும் அழுத்துங்கள். கர்னலுக்குச் செல்லும் நீண்ட வரி திறக்கும். அதில் கொயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களைக் காண்பீர்கள். அந்தக் குறிப்புகளை உங்களிடமிருந்து மறைத்தவை அவைதான். அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஐ-ஓ-எம்-எம்-யு என்ற ஐந்து எழுத்துகள், சமக்குறி, சாஃப்ட் என்ற சொல், இவற்றை எல்லாம் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஐசோலினக்ஸில் என்டரும், க்ரப்பில் எஃப்10 விசையும் அழுத்தினால் லினக்ஸ் ஏறும்.

இந்தச் சொல் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்ட்டைத் தொடாதே, முதல் 4 ஜிபிக்குள் ஒரு சிறிய இடத்தை ஒதுக்கிவைத்து, எட்டாத நினைவகத்துக்கான தரவை அங்கே இறக்கி நீயே நகலெடுத்துக்கொள் என்று கர்னலுக்குச் சொல்கிறது. வழக்கமாக அதற்கு 64 எம்பி ஒதுக்கப்படும். நகலெடுப்பதில் கொஞ்சம் நேரம் போகும் என்றாலும் கோப்புகளை மீட்கும் வேலைக்கு அது ஒரு பொருட்டல்ல.

இது பலித்தால் பயாஸில் நிலையாக மாற்றிவிடலாம். அந்த வரி சில பலகைகளில் சிப்செட் பிரிவிலும், சிலவற்றில் நார்த்பிரிட்ஜ் பிரிவிலும், சிலவற்றில் செயலிக்கான பிரிவிலும் இருக்கும். ஐஓஎம்எம்யு என்ற பெயரிலேயே பெரும்பாலும் காணப்படும். இன்டெல் செயலிக் கணினிகளில் இதே வகை வசதிக்கு விடி-டி என்று பெயர் என்பதால், இதைப் படிக்கும் வேறு எவரும் தங்கள் பயாஸில் ஐஓஎம்எம்யுவைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

மறுமொழி 1

கல்லூரி நண்பர் வலையிணைப்பைப் பிடித்த விதம் எனக்குப் பாடமாக இருந்தது; ஹேண்ட்-ஆஃப் என்றே நான் சுற்றிக்கொண்டிருந்தேன். கோப்பு மீட்பைப் பற்றி மட்டும் ஒரு சொல் சேர்க்கிறேன். விண்டோஸ் ஒழுங்காக அணையாமல் கிடக்கும் வட்டுகளை லினக்ஸ் படிக்க மட்டும் முடிகிற நிலையில் திறக்கும், அல்லது திறக்கும்போது எச்சரிக்கை காட்டும். உங்களுக்கு வேண்டியது நகல் மட்டுமே என்பதால் அந்த நிலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். எழுத அனுமதிக்கும்படி கட்டாயப்படுத்த வழி உண்டு என்று யாராவது சொன்னால், ஆய்வேடு வெளிவட்டுக்கு வந்து சேரும் வரை அதைச் செய்ய வேண்டாம். நகலெடுத்த பின் வெளிவட்டை முறைப்படி விடுவித்துவிட்டு, வேறொரு கணினியில் செருகி ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக உள்ளே எழுத்து இருக்கும் என்று கொள்ளக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மெனுவில் அந்தச் சொல்லைச் சேர்த்து ஏற்றினேன். யுஎஸ்பி விசைப்பலகை, மவுஸ், வலையிணைப்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பிவந்தன. அதன்பின் பயாஸில் தேடி, சிப்செட் பிரிவின் கடைசியில் ஐஓஎம்எம்யு அணைந்த நிலையில் இருந்ததைக் கண்டு இயக்கினேன். இப்போது எந்தச் சொல்லையும் சேர்க்காமலே டிவிடி ஒழுங்காக ஏறுகிறது. அந்த மூன்று வரிகளும் குறிப்புகளில் இல்லை.

வன்தட்டு படிக்க மட்டும் முடிகிற நிலையில் திறந்தது. ஆய்வேட்டுக் கோப்புறையை முழுவதும் வெளிவட்டுக்கு நகலெடுத்து, என் அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தோம். மூன்றாம் இயல் முழுமையாக இருக்கிறது. நான்காம் இயலில், அவர் புதன்கிழமை இரவு சேர்த்த அடிக்குறிப்புகள் வரை எல்லாம் இருக்கின்றன. உங்கள் மூவருக்கும் என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

மறுமொழி 4

இந்த இழையைத் தேடி வந்தேன். என்னிடம் 2023-இல் வாங்கிய மடிக்கணினி இருக்கிறது. ஏஎம்டி ரைசன் செயலி. உள்விசைப்பலகை க்ரப் மெனுவில் வேலை செய்கிறது, லைவ் லினக்ஸ் ஏறியதும் நின்றுவிடுகிறது. ஆனால் வெளியிலிருந்து செருகும் யுஎஸ்பி விசைப்பலகையும் தொடுபலகையும் வலையிணைப்பும் நன்றாக இயங்குகின்றன. எனக்கும் ஐஓஎம்எம்யுதான் காரணமா?

மறுமொழி 3

இல்லை. யுஎஸ்பியும் வலையிணைப்பும் இயங்குவதால் ஐஓஎம்எம்யுவைத் தொடாதீர்கள். மேலே நான் வேண்டாம் என்று தள்ளிய ஐ8042-இன் பக்கம்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. உள்விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தும்போது, செயலியைத் தட்டி எழுப்பக் குறுக்கீடு எண் 1 வழியாக ஒரு குறிப்பு போகும். அந்தக் குறிப்பு மின்னழுத்தம் ஏறும்போது எழுமா, இறங்கும்போது எழுமா என்பதை மடிக்கணினியின் ஏசிபிஐ அட்டவணை சொல்கிறது. பழைய கணினிகளில் அட்டவணை தவறாக இருந்த அனுபவத்தால், கர்னல் அதை ஒதுக்கிவிட்டுத் தன் வழக்கமான மதிப்பை வைத்துக்கொள்வதுண்டு. 2022 முதல் வந்த ரைசன் மடிக்கணினிகள் சிலவற்றில் அட்டவணையே சரியாக இருக்க, கர்னல் செய்யும் அந்தத் திருத்தம் விசைப்பலகையை ஊமையாக்கிவிடுகிறது.

உறுதிப்படுத்துவது எளிது. வெளி விசைப்பலகையை வைத்து முனையத்தைத் திறந்து, கர்னல் குறிப்புகளில் ஐஆர்கியூ 1 ஓவர்ரைடு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிராக் கோப்புறையில் உள்ள இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து ஐ8042 வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, உள்விசைப்பலகையில் பத்து முறை தட்டிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். எண் நகரவில்லை என்றால் காரணம் இதுவே.

மெனுவில் சேர்த்துச் சரிசெய்யும் சொல் எதையும் இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிக்கப்பட்ட மாதிரிகளைக் கர்னல் உருவாக்குநர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்த்துவருகிறார்கள். ஆகவே உங்களால் கண்டுபிடிக்க முடிகிற மிகப் புதிய கர்னல் கொண்ட லைவ் வழங்கலை இறக்கிப் போட்டுப் பாருங்கள். அதிலும் நின்றால், மடிக்கணினியின் மாதிரிப் பெயரை, தாய்ப்பலகைப் பெயரோடு சேர்த்து, கர்னல் உருவாக்குநர்களின் வழுப் பதிவேட்டில் எழுதுங்கள். அதுவரை வெளி விசைப்பலகை போதும்.